பர்மாப் போர்முனைக் கடிதங்களைக் கெடாமல் காப்பது எப்படி?

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து 1943, 44-இல் பர்மாவுக்குப் போன தாத்தாவோ பெரியப்பாவோ எழுதிய கடிதம், மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற டவுனில் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலோ சாமி அலமாரியிலோ இருக்கலாம். கிடைத்ததும் லேமினேட் பண்ணக் கடைக்கு ஓடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாள் கிழியாமல் உரிப்பது நடக்காத காரியம். செலோடேப்பும் வேண்டாம், பசை பழுத்துத் தாளில் ஊறி எழுத்தைக் கறையாக்கிவிடும்.

முதல் வேலை படம் எடுப்பது. பிளாஷ் வேண்டாம், ஜன்னலோர நிழல் வெளிச்சம் போதும். பென்சில் எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். அழுத்தி எழுதிய பள்ளம் தெரியும். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ துல்லியத்தில் எடுங்கள். உறையின் இரு பக்கமும் எடுக்க வேண்டும். தபால் தலையை வெட்டி எடுத்தால் முத்திரையும் தேதியும் போய்விடும்.

தேதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். 2604 என்றிருந்தால் அது அப்போது மலாயாவை ஆண்ட ஜப்பானியரின் ஆண்டு. 660 கழித்தால் 1944. வெறும் 19 என்றிருந்தால் ஷோவா ஆண்டாக, அதாவது ஜப்பானியப் பேரரசரின் ஆட்சி ஆண்டாக இருக்கலாம். 1925 கூட்டினால் அதே 1944. ஜப்பானிய வரிசையில் ஆண்டு, மாதம், நாள் என்று வரும், 19.5.3 என்பது 1944 மே 3. ‘தாரண வருஷம்’ என்றிருந்தால் 1944 சித்திரையிலிருந்து 1945 பங்குனி வரை. பழைய கையெழுத்தில் சிலசமயம் மெய்யெழுத்துப் புள்ளியும் இருக்காது, எகர ஏகார வேறுபாடும் இருக்காது. வாய்விட்டுப் படித்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மடிப்பு விறைத்திருந்தால் வலிந்து பிரிக்காதீர்கள். மூடியுள்ள டப்பாவின் அடியில் ஈரத்துணி, மேலே கம்பித் தட்டு, அதன்மேல் கடிதம். மூடி இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் தாள் இளகும். ரொம்ப நேரம் விட்டால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். ஊதாப் பென்சில் எழுத்துக்கு இந்த வேலையே ஆகாது; ஈரம் பட்டால் மையாகக் கரைந்து ஓடும்.

பூச்சி அரித்திருந்தால் காற்றுப் புகாத பையில் இரண்டு வாரம் பிரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை ஒரு நாள் திறக்காதீர்கள், வேர்த்துவிடும்.

பிறகு டிரை பாக்ஸ், அதாவது ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைக்கும் பெட்டி. ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம். பிவிசி உறை கூடாது, பாலியெஸ்டர் நல்லது. சாமி அலமாரி மட்டும் வேண்டவே வேண்டாம்: சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் தாளைத் தின்றுவிடும். அங்கே நகலை வையுங்கள்.