மந்திரத்தால் போர்க்காலப் பாலம் அமைப்பது எப்படி?

மிகுபுனைவுக் கதையில் போர் மூண்டதும் மந்திரவாதிகளை முன்வரிசையில் நிறுத்தி நெருப்பு உமிழ வைப்பது நமக்குப் பழகிவிட்டது. அவர்களில் இருவரைப் பாலம் கட்டும் குழுவோடு அனுப்பிப் பாருங்கள். படை எந்த நாளில் எங்கே நிற்கும் என்ற கணக்கே மாறிவிடும்.

முதல் வேலை, உங்கள் உலகின் படைக்கு நாள்கள் எதில் கரைகின்றன என்று பார்ப்பது. கி.மு. 55இல் ஜூலியஸ் சீசரின் படை ரைன் ஆற்றில் மரப்பாலம் கட்டியபோது, மரம் சேர்க்கத் தொடங்கியதிலிருந்து 10 நாள்களில் வேலை முடிந்தது. மரம் வெட்டுவது, கரைக்கு இழுத்து வருவது, ஓடும் நீரில் தூண்களை இறக்குவது எல்லாம் அந்தப் பத்து நாள்களுக்குள் அடக்கம். இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் மந்திரத்திடம் கொடுங்கள். தூண் இறக்குவதைக் கொடுத்தால், அடுத்த தூணுக்கு மரம் வந்து சேரவில்லையே என்று மந்திரவாதி கரையில் காத்துக் கிடப்பார். அந்தக் காத்திருப்பில்தான் கதைக்கு இடமிருக்கிறது. மொத்தப் பாலத்தையும் ஒரே சொல்லில் எழுப்பிவிட்டால் எதிரிக்குத் தாக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்து, மந்திரத்தின் விலையை அளந்து வையுங்கள். ஆற்றின் மேற்பரப்பை உறைய வைத்து, 100 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள பனிப்பாலம் அமைப்பதாகக் கொள்வோம். அது ஏறக்குறைய 180 டன் பனிக்கட்டி. ஒரு கிலோ நீர் உறையும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பம் வெளியேறும் என்பதால், இந்தப் பாலம் வெளிவிடும் வெப்பம் கிட்டத்தட்ட நான்கு டன் காய்ந்த விறகு எரிவதற்குச் சமம். அது எங்கே போகிறது? மந்திரவாதியின் உடலுக்குள் என்றால் அவர் பிழைக்க மாட்டார். கரையிலுள்ள பாறைக்குள் என்றால், அந்தப் பாறையில் ஈரம் பட்டதும் எழும் ஆவியை எதிரியின் காவல்மேடு தொலைவிலிருந்தே பார்த்துவிடும். என் கதையாக இருந்தால் பாறையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஆற்றை அடிவரை உறைய வைக்காதீர்கள். அது அணையாகி, மேல்பக்கம் நீர் ஏறி, முகாமையே நனைத்துவிடும். அடியில் நீர் ஓட வழி விட்டால் பனி மிதக்கும். ஆனால் நீர்மட்டம் இறங்கும்போது கரையோரப் பனி தாங்க ஆளின்றி அந்தரத்தில் தொங்கும். பெரும்பாலும் முதல் வண்டி உடைத்துக்கொண்டு விழுவது அந்த விளிம்பில்தான். அங்கே மரப்பலகையால் சாய்தளம் போடும் தச்சர்களை மறக்க வேண்டாம்.

பாலத்தின் மேல் செல்வதற்கும் விதி வேண்டும். 1941 நவம்பரில், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடுக்கு உணவு கொண்டுசெல்ல உறைந்த லடோகா ஏரியின் மேல் பாதை திறந்தபோது, முதலில் குதிரைச் சறுக்குவண்டிகளும் பின்னர் லாரிகளும் சென்றன. ஓடும் வண்டி பனிக்கு அடியில் நீரலையை எழுப்புகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அந்த அலை பெருகி, எடையைத் தாங்கக்கூடிய பனியையும் பிளந்துவிடும். ஆகவே வண்டிகளுக்கிடையே இடைவெளியும், வேகத்துக்கு வரம்பும், அதை மீறத் துடிக்கும் அவசரக்கார அதிகாரி ஒருவரும் உங்கள் காட்சியில் இருக்கட்டும்.

மண்ணை எழுப்பி அரண் செய்வது இதைவிட எளிது: எழுப்பிய அளவு மண் எங்கிருந்தோ வந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அகழி தானாகவே கிடைக்கும். நீர் வடிய வழி விட மட்டும் மறக்காதீர்கள். துறைமுகம் கட்டினால் புயலையும் கணக்கில் சேருங்கள். 1944 ஜூன் 19இல் தொடங்கிய புயல், நார்மண்டியில் நேச நாடுகள் அமைத்த இரண்டு செயற்கைத் துறைமுகங்களில் ஒன்றைச் சிதைத்துப் பயனற்றதாக்கியது.

கடைசியாக, கலைக்கும் வழியைக் கட்டும்போதே எழுதிவையுங்கள். சீசர் ரைனுக்கு அப்பால் 18 நாள்கள் இருந்துவிட்டுத் திரும்பியதும் தன் பாலத்தைத் தானே பிரித்தார். உங்கள் பனிப்பாலத்தை உருக்கும் சொல் ஒருவருக்கு மட்டும் தெரியுமென்றால், அவர் அக்கரையில் அடிபட்டுக் கிடக்கும்போது எதிரியின் குதிரைப்படை அதே பாலத்தில் ஏறும். இருவருக்குத் தெரியுமென்றால், அந்த இரண்டாமவரை நம்பலாமா என்பதைப் படைத்தலைவர் முந்தைய இரவே முடிவு செய்திருக்க வேண்டும்.