பாயின்ட் மோட்டார் மாட்டும்போது இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

மாடல் ரயில் லேஅவுட்ல பாயின்ட், அதாவது வண்டி ஒரு தடத்துல இருந்து இன்னொரு தடத்துக்கு மாறுற இடம், சரியா திரும்பலன்னா உடனே அதைத் திருப்புற மோட்டாரைக் கழட்டி வேற ஒண்ணு மாத்துறவங்க நிறைய பேர், ஆனா நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி நேரம் மோட்டார் நல்லாத்தான் இருக்கும், மாட்டுன விதத்துலதான் கோளாறு.

தப்பு ஆரம்பிக்கிறதே டிராக் பதிக்கிற பலகை செய்யும்போதுதான். அடியில சட்டமெல்லாம் அடிச்சு முடிச்சுட்டு அப்புறம் டிராக் எங்க போகுதுன்னு பாத்தா, ஏதாவது ஒரு பாயின்ட்டோட டை பார் (பிளேடுன்னு சொல்ற, நகர்ற ரெண்டு ரெயிலையும் இணைக்கிற பட்டை) சரியா குறுக்குச்சட்டத்து மேலயே வந்து உக்காந்திருக்கும், மோட்டாருக்கு இடமே இருக்காது. பிளானை முழு சைஸ்ல பிரிண்ட் எடுத்து பலகை மேல விரிச்சு டை பார் வர்ற இடத்தையெல்லாம் குறிச்சுக்கோங்க, சட்டம் அதுக்கப்புறம். மோட்டார் ஊசி மேல வர்றதுக்கான ஓட்டையும் டிராக் பதிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடணும்.

அடுத்தது சென்டர் பாக்குறது, எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமா படுது. சொலினாய்டு மோட்டார்னா (காயில்ல கரண்ட் பாஞ்சதும் டக்குனு இழுக்கிற வகை) அதோட ஊசியும் நடுவுல நிக்கணும், டை பாரும் நடுவுல நிக்கணும், அந்த நிலைமையிலதான் ஸ்க்ரூ முடுக்கணும். பெக்கோ கம்பெனி பாயின்ட்ல உள்ள ஸ்பிரிங் டை பாரை நடுவுல நிக்க விடாது, ஏதாவது ஒரு பக்கம் தள்ளிடும், அதனால ரெண்டு பிளேடுக்கும் பக்கத்துல ஒரே கனத்துல சின்ன அட்டைத்துண்டு சொருகி வச்சுக்கோங்க. ஒரு மில்லிமீட்டர் தள்ளி மாட்டிட்டாக்கூட ஒரு பக்கம் பிளேடு நல்லா ஒட்டும், இன்னொரு பக்கம் மயிரிழை இடைவெளி விட்டு நிக்கும், வண்டி அங்கதான் தடம் புரளும். முதல்ல ரெண்டு ஸ்க்ரூ மட்டும் லேசா போட்டு கையால தள்ளிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி டக்குனு விழுந்தா மீதியை முடுக்கலாம்.

கரண்ட் விஷயத்துல சொலினாய்டு ரொம்ப முரடு. ஒரு நொடிகூட ஆகாத நேரத்துல சில ஆம்பியர் இழுக்கும், அதுக்கு மேல கரண்ட் தொடர்ந்து போனா காயில் கருகிடும். அதனால வீட்டு லைட்டு சுவிட்ச் மாதிரி ஆன் ஆஃப்லயே நிக்கிற சுவிட்ச் வேண்டவே வேண்டாம், கைய எடுத்ததும் தானா நடுவுக்கு வர்ற சுவிட்ச் இல்ல புஷ் பட்டன் போடுங்க. கூடவே கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒண்ணு, அதைத்தான் சிடியூன்னு சொல்றாங்க, அது சார்ஜை சேத்து வச்சு ஒரே தள்ளா தள்ளும், பட்டன் மாட்டிக்கிட்டாலும் காயிலை கருக விடாது. சிடியூவும் போட்டாச்சு இன்னும் சோம்பலா திரும்புதுன்னா வயரைப் பாருங்க, மெல்லிசா நீளமா இழுத்திருந்தா வோல்டேஜ் வழியிலயே போயிடும். 0.2 மில்லிமீட்டர் கம்பி 16 இழை உள்ள வயர் போட்டா நல்லது.

டார்டாய்ஸ் மாதிரி மெதுவா திரும்புற மோட்டார்னா கதையே வேற. அதுல கரண்ட் எப்பவும் போய்க்கிட்டே இருக்கணும், நின்ன நிலையில 16 மில்லி ஆம்பியர் கிட்டத்தான் எடுக்கும், சிடியூ தேவையே இல்ல. பாயின்ட்டோட ஸ்பிரிங்கை எடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டும் மல்லுக்கட்டும். பலகை தடிமனா இருந்தா மோட்டாரோட கூட வர்ற, டை பாரைத் தள்ளுற கம்பி வளைஞ்சுடும், கொஞ்சம் தடிமனான கம்பி மாத்திக்கோங்க.

எலெக்ட்ரோஃப்ராக் பாயின்ட் (ஃப்ராக், அதாவது ரெண்டு ரெயில் V மாதிரி சேர்ற இடம், கரண்ட் பாயுற உலோகமா இருக்கிற வகை) வச்சிருக்கிறவங்க ஃப்ராக்ல இருந்து வெளிய போற ரெண்டு உள் ரெயில்லயும் கரண்ட் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் (ரெயில் இணைப்பு) போட மறக்காதீங்க, மறந்தா ஷார்ட் ஆகும். பிளேடு தொடுறதை மட்டும் நம்பி ஃப்ராக்குக்கு கரண்ட் விட்டா நாளாக நாளாக தூசி படிஞ்சு என்ஜின் அங்கயே நின்னுடும், மோட்டார்ல உள்ள சுவிட்ச்ல இருந்தோ தனி சுவிட்ச்ல இருந்தோ ஃப்ராக்குக்கு ஒரு வயர் இழுத்துடுங்க.

இவ்வளவும் சரியா பண்ணிட்டு கடைசியில ஜல்லி ஒட்டுறப்ப கோட்டை விடுறவங்க இருக்காங்க. பசைத்தண்ணி டை பாருக்கு அடியில ஊறிப் போச்சுன்னா காஞ்சதும் பாயின்ட் கல்லு மாதிரி ஆயிடும். அந்த இடத்துல ஜல்லி கம்மியா போட்டு, பசையை சொட்டு சொட்டா தள்ளியே விட்டு, காயுற வரைக்கும் அப்பப்போ பாயின்ட்டை கையால திருப்பிக்கிட்டே இருங்க.