வாயா, கன்னமா, உதடா: இலத்தீன்வழி மொழிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ ஆவணங்களைத் தமிழாக்கத் தொடங்கும் இளையவர்களின் படிகளைத் திருத்தும்போதெல்லாம், ஒரு காலத்தில் நான் செய்த பிழைகளே வேறொருவர் கையெழுத்தில் என்னிடம் திரும்பி வருகின்றன. எழுத்துப்பிழைகளை யாரும் திருத்திவிடலாம் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

‘புக்கா’ என்னும் கண்ணி

இலத்தீனில் வாயைக் குறிக்கும் சொல் நெடில் ஒலியுடைய ‘ஓஸ்’. குறிலாகிய ‘ஒஸ்’ என்றால் எலும்பு. பேச்சு இலத்தீனில் குறில் நெடில் வேறுபாடு மங்கியபோது இரண்டும் மயங்க இடமுண்டாயிற்று. கன்னத்தைக் குறித்த ‘புக்கா’ வாயின் இடத்தைப் பிடித்து, பிரெஞ்சில் ‘பூஷ்’ என்றும், இத்தாலியத்தில் ‘போக்கா’ என்றும், ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் ‘போகா’ என்றும் நிலைபெற்றது. உடற்கூற்றியலாரின் இலத்தீனிலோ புக்கா இன்றும் கன்னமே. அதனால்தான் ஆங்கில மருத்துவத்தில் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே அடக்கிக்கொள்ளும் மாத்திரையைப் ‘பக்கல்’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ‘வுவா புக்கால்’ என்று எழுதினால் வாய்வழியாக உட்கொள்வது என்றே பொருள்.

நான் மொழிபெயர்த்த முதல் மருந்துக் குறிப்பில், விழுங்க வேண்டிய மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளுமாறு எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் ஒரு மருந்தாளுநர் அதைக் கண்டுபிடித்ததால் நோயாளிகள் தப்பினர். நான் மட்டும் முழுத் தொகுதியையும் கூலியின்றி மறுபடி சரிபார்த்துக் கொடுத்தேன். சென்ற மாதம் ஒரு மாணவரின் படியில் அதே கன்னத்தைப் பார்த்தபோது பழைய எரிச்சல் அப்படியே மூண்டது. பிரெஞ்சுச் சொல்லுக்கு அவரும் ஆங்கில அகராதியைத்தான் புரட்டியிருந்தார்.

இத்தாலிய உதடுகள்

உதட்டுக்குரிய இலத்தீன் ‘லாப்ரும்’ என்பதன் பன்மை ‘லாப்ரா’. அந்தப் பன்மையைப் பிரெஞ்சு பெண்பால் ஒருமையாக்கி ‘லேவ்ர்’ என்றது. இத்தாலியமோ பன்மையாகவே வைத்துக்கொண்டது. ஈற்று ஆகாரத்தைக் கண்டு அதை வழக்கமான பெண்பால் ஒருமை என்று கொள்பவர், இரண்டு உதடுகளிலும் உள்ள வீக்கத்தை ஓர் உதட்டுக்குச் சுருக்கிவிடுவார். ‘லாப்ரி’ என்ற இன்னொரு பன்மையும் உண்டு; அது காயத்தின் விளிம்புகளுக்கு வருவது.

ருமேனியம்

இலத்தீன் குடும்பம்தானே என்று உதட்டுக்கு ‘லாப்ரா’வின் வாரிசைத் தேட வேண்டாம். அங்கே உதடு ‘பூஸ’. அல்பேனியத்திலும் ஏறக்குறைய அதே சொல்தான். வாய் ‘கூர’, தொண்டையைக் குறித்த இலத்தீன் ‘குலா’வின் வழிவந்தது. புக்காவின் வாரிசான ‘புக’வை வாய் என்று நினைத்து எழுதினால், பேச்சுவழக்கில் அது பிட்டமாகிவிடும்.

போர்த்துக்கீசியம்

‘பேய்சு’ கொச்சையில் உதடு, ‘பேய்ஜு’ முத்தம். மருத்துவ அறிக்கையில் ‘லாபியு’ என்று மட்டும் எழுதுங்கள்.