ஊர்ப் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மேலாண்மைக் குழுவினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்டில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று இருப்பதால், எல்லாமே ஒன்றிய ஆபீசில்தான் நடக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டீச்சர் சரியாக வரவில்லையென்றால் ஊராட்சித் தலைவரிடம் போய் நிற்கிறார்கள். மேற்கூரை ஒழுகினால் தலைமையாசிரியரைப் பிடித்துச் சத்தம் போடுகிறார்கள். இரண்டிலும் ஆள் மாறிவிட்டது. பெற்றோர் பெரும்பான்மையாக இருந்து பள்ளியைக் கவனிக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1 முதல் அரசு ஊழியர்கள். சம்பளம் கருவூலத்திலிருந்து வருகிறது. விடுப்பு, மாறுதல், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் தொடக்கக் கல்வித் துறையின் கையில்: வட்டாரக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். கட்டடம் மட்டும் இன்னும் ஒன்றியத்தின் சொத்து. அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலரையும் ஒன்றியப் பொறியாளரையும்தான் பார்க்க வேண்டும். பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) வேறு, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) வேறு. காதில் ஒன்று போல விழுவதால் மனுவை மாற்றிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

குடிநீரும் துப்புரவும் கிராம ஊராட்சியின் பொறுப்பு. சத்துணவுக்கூடம் சமூக நலத்துறையின் கீழ் வருகிறது. அமைப்பாளரும் சமையலரும் தலைமையாசிரியரின் ஊழியர்கள் அல்ல. காலை உணவைச் சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுவினர். சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர் போன்றவற்றுக்கு, மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் இருக்கிறது. மொத்தம் 40 பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு இத்தனை துறைகள். இப்படிப் பிரித்து வைத்தது நல்ல ஏற்பாடா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதை மாற்றுவது குழுவின் கையில் இல்லை; எது யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதித் தலைமையாசிரியர் அறையில் ஒட்டி வைப்பது குழுவின் கையில் இருக்கிறது.

எடுத்த எடுப்பிலேயே கலெக்டரிடம் போவது அடுத்த தவறு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும், ரசீதும் கிடைக்கும். பிறகு அது 'உரிய நடவடிக்கைக்காக' என்று படிப்படியாகக் கீழே இறங்கி, நீங்கள் முதலில் போயிருக்க வேண்டிய அதே மேசைக்கு வந்து சேரும். அந்த மேசைக்காரருக்கு உங்கள் மேல் கொஞ்சம் வருத்தமும் சேர்ந்திருக்கும். கீழே எழுத்தில் கொடுத்து, பதில் வராமல் போனபின், அந்த நகலோடு மேலே போனால் நிலைமை வேறு. பழுதான கட்டடம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். சுவர் விரிசல் விட்டிருந்தால் ஒழுங்குமுறையெல்லாம் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் தடுத்துவிட்டு, எல்லா அலுவலகத்துக்கும் அன்றைக்கே எழுதுங்கள்.

தீர்மானத்தை எழுதுகிற விதம்

குழுவின் பலமே தீர்மானம்தான். ஆனால் பெரும்பாலான தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் இப்படித்தான் இருக்கும்: 'பள்ளிக் கழிப்பறையைச் சரிசெய்து தர வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' இதை வாங்கிப் பார்க்கும் பொறியாளர் என்ன செய்வார்? என்ன பழுது என்று தெரியாது, எவ்வளவு ஆகும் என்று தெரியாது. எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: 'மாணவிகள் கழிப்பறை 2இல் ஒன்றுக்குக் கதவுத் தாழ்ப்பாள் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாய் உடைந்ததால் ஜூன் மாதத்திலிருந்து தண்ணீர் ஏறவில்லை. 23 மாணவிகள் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகிறார்கள். தாழ்ப்பாளைப் பள்ளி மானியத்தில் மாற்றிக்கொள்கிறோம். குழாய் வேலையை ஊராட்சி செய்து தரக் கேட்டுக்கொள்கிறோம்.' இதில் எது குழுவின் வேலை, எது ஊராட்சியின் வேலை என்று பிரிந்துவிட்டது. மதிப்பீடு போட வருகிறவருக்கும் பாதி வேலை முடிந்தது. போட்டோ எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது.

அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் வைக்க மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 6 கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஊராட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பள்ளிக் கழிப்பறை அதற்குள் அழகாகப் பொருந்தும். கேட்காத பள்ளிக்கு யாரும் தேடி வந்து கொடுக்கமாட்டார்கள். ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்தில், யாரைக் கேட்பது என்று குழப்பம் வேண்டாம்; பி.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

எமிஸ் என்ன சொல்கிறது?

அதிகம் கண்டுகொள்ளப்படாத தவறு ஒன்று உண்டு. பள்ளியைப் பற்றிய விவரங்கள் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏறுகின்றன; அங்கிருந்து யூடைஸ் என்ற மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரக் கணக்குக்குப் போகின்றன. மேலே உட்கார்ந்து நிதி பிரிப்பவர்கள் உங்கள் ஊரைப் பார்த்ததில்லை, அந்தத் திரையைத்தான் பார்க்கிறார்கள். கழிப்பறைக் கட்டடம் நிற்கிறது என்பதற்காக 'உள்ளது, பயன்பாட்டில்' என்று பதிந்துவிட்டால், தண்ணீரே வராத கழிப்பறையும் கணக்கில் நல்ல கழிப்பறைதான். பிறகு எத்தனை மனு கொடுத்தாலும் 'உங்கள் பள்ளியில் கழிப்பறை இருக்கிறதே' என்றுதான் பதில் வரும். வகுப்பறை எண்ணிக்கை, சாய்தளம், சுற்றுச்சுவர், குடிநீர் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஆண்டுக்கு ஒருமுறை தலைமையாசிரியரோடு உட்கார்ந்து, திரையில் இருப்பதையும் கண்ணெதிரே இருப்பதையும் வரிசையாக ஒத்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை. இதைச் செய்கிற குழுக்கள் மிகக் குறைவு.

தலைக்கணக்கும் அப்படித்தான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் ரூ.10,000. 31 முதல் 100 வரை ரூ.25,000. 250 வரை ரூ.50,000. 1,000 வரை ரூ.75,000. அதற்கு மேல் ரூ.1,00,000. அதாவது 31ஆவது பிள்ளை தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால் பள்ளிக்கு ரூ.15,000 குறைகிறது. ஆசிரியர் பணியிடமும் எண்ணிக்கையைப் பார்த்துத்தான்: கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 பேர். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்துப் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போக வேண்டுமென்றால் மே மாதமே போக வேண்டும். செப்டம்பரில் பேரணி நடத்திப் பயனில்லை.

மார்ச் மாத அவசரம்

34 பிள்ளைகள் படிக்கிற பள்ளியை எடுத்துக்கொள்வோம். மானியம் ரூ.25,000. அதில் குறைந்தது 10 சதவீதம், அதாவது ரூ.2,500, தூய்மைப் பணிகளுக்குப் போக வேண்டும். மீதி ரூ.22,500. மாதத்துக்கு ரூ.1,875 வருகிறது. விளக்குமாறு, பினாயில், சாக்பீஸ், பதிவேடு, பல்பு, குழாய், எப்போதாவது மோட்டார் ரிப்பேர் எல்லாம் இதற்குள். 'அரசாங்கம் லட்சக்கணக்கில் கொட்டுகிறது, தலைமையாசிரியர் என்ன செய்கிறார்' என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பணமும் ஆண்டு தொடக்கத்தில் வந்துவிடுவதில்லை. பல நேரம் கடைசிக் காலாண்டில்தான் வருகிறது. இன்னொன்று, இப்போது பள்ளிக் கணக்கு பூஜ்ய இருப்புக் கணக்கு. பணம் உங்கள் வங்கியில் தூங்காது. இவ்வளவு வரை செலவு செய்யலாம் என்ற வரம்பு மட்டும் கிடைக்கும். மார்ச் 31க்குள் செலவாகாதது கைவிட்டுப் போய்விடும். அதனால் கடைசி வாரத்தில் கடைக்கு ஓடி, பள்ளிக்குத் தேவையே இல்லாத சுவர்க்கடிகாரமும் தலைவர்கள் படமும் வாங்கி நிரப்புகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழுவே தயாரிக்கச் சொல்கிறது. அதை நிதியாண்டு முடிய 3 மாதத்துக்கு முன்பே முடிக்க வேண்டும் என்கின்றன 2010ஆம் ஆண்டு மத்திய விதிகள். டிசம்பரிலேயே எது முதலில், எது அடுத்து என்று பட்டியல் போட்டு, விலைப்புள்ளியும் வாங்கி வைத்திருந்தால், வரம்பு திறந்த அன்றே வேலை தொடங்கும். பில் இல்லாமல் செலவு செய்யாதீர்கள். பொருள் வாங்கினால் இருப்புப் பதிவேட்டில் அன்றைக்கே ஏற்றுங்கள்.

நன்கொடை விஷயத்தில் வேறு வகைத் தவறு நடக்கிறது. வெளியூரில் செட்டிலான முன்னாள் மாணவர் பெரிய டிவி வாங்கித் தருகிறார், பூங்கொத்து, போட்டோ எல்லாம் நடக்கிறது. ஆறு மாதத்தில் அது பழுதானால் சரிசெய்யக் காசில்லை. நல்ல மனதோடு கொடுப்பவரைக் குறை சொல்லவில்லை. என்ன வேண்டும் என்று குழு முந்திக்கொண்டு சொல்லாததுதான் பிரச்சினை. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற அரசின் நன்கொடைத் திட்டம் வழியாகக் கொடுத்தால் கணக்கும் சரியாக இருக்கும். வகுப்பறை போன்ற பெரிய வேலைக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் கட்டடம் கேட்கலாம், சம்பளம் கேட்க முடியாது. எதற்காகவும் பெற்றோரிடம் 'தலைக்கு இவ்வளவு' என்று கட்டாய வசூல் மட்டும் வேண்டாம்.

கையெழுத்து யாருடையது?

சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் குழுவைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்ந்து 24 பேர் ஆனார்கள். தாளில் இப்படி. நடப்பில் பல ஊர்களில் தலைவியின் வீட்டுக்காரர் கூட்டத்துக்கு வருகிறார், நாற்காலியில் உட்காருகிறார், 'அவ வேலைக்குப் போயிருக்கா, நான் போட்டா என்ன' என்கிறார். நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகும் அம்மா வர முடியாத காலை 11 மணிக்குக் கூட்டம் வைத்தால் வேறென்ன நடக்கும்? மாலையில் பிள்ளைகளைக் கூப்பிட வரும் நேரத்துக்கு மாற்றுங்கள், அவரே வருவார். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பிறகு தீர்மானம் எழுதுவது இதைவிட மோசம். தணிக்கையில் மாட்டினால், கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, மேலாண்மைக் குழு வேறு. அதன் நிதியையும் இதன் மானியத்தையும் ஒரே நோட்டில் எழுதாதீர்கள்.

ஆசிரியர் நியமனத்தில்தான் ஊர்ப் பகை வருகிறது. 2022இல் காலியாக இருந்த 13,331 பணியிடங்களை மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளப் பள்ளிக் கல்வித் துறை அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500 என்று தொடங்கிப் பிறகு ரூ.12,000 ஆக்கினார்கள். உடனே 'நம்ம பொண்ணு பி.எட். முடிச்சிருக்கு' என்று சிபாரிசு கிளம்பியது. குழுவுக்கு அதில் இருந்தது துறை சொன்ன தகுதி, முன்னுரிமைப்படி தேர்ந்தெடுக்கும் வேலை மட்டுமே. விதியை மீறினால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும், வகுப்பறையில் மறுபடியும் ஆள் இருக்காது.

மானியம் வரவே வராத ஆண்டும் உண்டு என்பதைக் கணக்கில் வைக்காமல் திட்டம் போடுவது கடைசித் தவறு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60, மாநிலத்தின் பங்கு 40. மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25இல் ரூ.2,152 கோடி நிறுத்தி வைக்கப்பட்டது. அது சரியா தவறா என்று டெல்லியும் சென்னையும் பேசிக்கொள்ளட்டும். உங்கள் வளர்ச்சித் திட்டத்தில், மானியம் வராவிட்டாலும் ஊராட்சி நிதியிலோ நன்கொடையிலோ நடந்தே தீர வேண்டிய வேலைகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தின் முதல் வரியில் குடிநீரை எழுதுங்கள்.