மணற்குன்றுகளில் ஆக்கிரமிப்புத் தாவரங்களை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரை மணற்குன்றுகளில் ஆக்கிரமிப்புத் தாவரங்களை ஆராய வரும் முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களைப் படிக்கும்போதெல்லாம், அந்த வயதில் நான் இடறிய இடங்களிலேயே அவர்களும் இடறுவதைக் காண்கிறேன். தொப்பி, ஜிபிஎஸ் பேட்டரி, குறிப்பேட்டின் நகல் ஆகியவற்றைப் பற்றி யாரும் எச்சரிக்கத் தேவையில்லை. களமே முதல் வாரத்தில் அவற்றைக் கற்றுக்கொடுத்துவிடும். ஆண்டுக்கணக்கில் உழைப்பை வீணாக்கும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

## செடி உள்ள இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தாக்கம் என்று எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆக்கிரமிப்புச் செடி அடர்ந்த பகுதியில் சில மாதிரிச் சதுரங்கள் (தாவரங்களை எண்ணுவதற்காகக் குறித்துவைக்கும் சிறு நிலத்துண்டுகள்), அது இல்லாத பகுதியில் சில. முதல் பகுதியில் இயல் தாவர இனங்கள், அதாவது அந்தக் கரைக்கே உரியவை, குறைவாக இருக்கின்றன, ஆகவே அந்தச் செடியே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் மணற்குன்றில் கடலைவிட்டு உள்நோக்கிச் சில பத்து மீட்டர் நடந்தாலே உப்புச் சாரல் குறைகிறது, மணல் வந்து மூடும் வேகம் தணிகிறது, மண்ணில் மட்கு கூடுகிறது, இனங்களும் அதற்கேற்ப மாறிவிடுகின்றன. அயல் செடி ஒன்றுகூட இல்லாத கரையிலும் இந்த வேறுபாடு இருக்கும்.

ஒரு மாணவி, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட அகேசியா லாஞ்சிஃபோலியா புதர்களை ஆராய்ந்தார். புதருள்ள சதுரங்கள் அனைத்தும் இரண்டாம் வரிசைக் குன்றுக்குப் பின்னால் இருந்தன. புதரில்லாதவை அனைத்தும் கடலை ஒட்டி இருந்தன. தரவு சீராக இருந்தது, புள்ளியியல் சோதனைகளும் சாதகமாகவே வந்தன. சதுரங்கள் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று புறத்தேர்வாளர் கேட்டபோதுதான், புதரின் விளைவையும் தூரத்தின் விளைவையும் அந்தத் தரவிலிருந்து எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது என்பது வெளிப்பட்டது. ஆய்வேட்டின் மைய அத்தியாயமே போயிற்று. அந்தக் கேள்வியை நெறியாளர் முதல் ஆண்டிலேயே கேட்டிருக்க வேண்டும் என்ற கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இப்படி ஒப்பிடும் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. 1899இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஹென்றி சாண்ட்லர் கவுல்ஸ் மிச்சிகன் ஏரிக்கரைக் குன்றுகளில் கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல மாறும் தாவரங்களைக் காலத்தின் வரிசையாகப் படித்துக் காட்டினார். சூழலியலின் அடித்தளங்களுள் ஒன்று அது. இடத்தைக் காலமாகப் படிக்கும் அந்த முறையை, காரணத்தை நிறுவும் சோதனைக்கு மாற்றாக வைப்பதுதான் பிழை. மேலும், வாகனங்களும் மனிதக் கால்களும் முன்பே சிதைத்த இடத்தில் அயல் செடி பிறகு வந்து குடியேறியிருக்கலாம். அப்படியானால் அதை அகற்றினாலும் இயல் தாவரங்கள் தாமாகத் திரும்ப மாட்டா.

ஒப்பிடும் சதுரங்களைக் கடலிலிருந்து ஒரே தூரத்திலும் ஒரே உயரத்திலும் இணை இணையாக அமையுங்கள். மணல் எவ்வளவு படிகிறது என்பதைக் கம்பி நட்டு அளந்துகொள்ளுங்கள். செடியை அகற்றுவதற்கு முன்பே ஒரு முழுப் பருவத்துக்காவது அடிப்படைத் தரவைச் சேகரித்து, எந்தச் சதுரத்தில் அகற்றுவது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யுங்கள். வேரோடு பிடுங்குவதே மணலைக் கலைத்துவிடும் என்பதால், செடியை விட்டுவிட்டு மணலை மட்டும் கிளறிய சதுரங்களும் தேவை. சிலவற்றில் இயல் தாவர விதைகளைத் தூவிப் பார்த்தால்தான், அவை திரும்பாததற்கு விதைப் பற்றாக்குறை காரணமா, மண் காரணமா என்பது தெரியும்.

## குட்டையான அடையாளக் கம்பிகள்

ஒரே புயலில் புதைந்துவிடும், நீளமானதை நடுங்கள்.

## பெயரை உறுதிசெய்யாமல் தொடங்குவது

கலிபோர்னியாக் கரையில் கார்போபுரோட்டஸ் எடுலிஸ் என்ற சதைப்பற்றுள்ள படர்செடி, கார்போபுரோட்டஸ் சிலென்சிஸுடன் கலந்து கலப்பினங்களை உருவாக்கியிருக்கிறது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இரண்டு அம்மோபிலா புல்லினங்களுக்கும் அப்படியே நேர்ந்திருக்கிறது. ஆகவே பெயரைப் பின்னாலும் சரிபார்க்க, ஒவ்வொரு தளத்திலிருந்தும் மாதிரி எடுத்து உலர்த்தி, ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகத்தில்) ஒப்படைத்துவிடுங்கள்.

## ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது

ஐரோப்பியக் கரைகளில் அம்மோபிலா அரினேரியா இயல் தாவரம். அங்கே குன்றைக் கட்டிக் காப்பதே அதுதான். அதன் அடியில் மணலைக் கையால் விலக்கிப் பாருங்கள்: புதைந்துபோன தண்டின் கணுக்களில் புதிய வேர்கள் விட்டிருக்கும், பழைய இலையுறைகள் நார்நாராகச் சுற்றியிருக்கும். மணல் மூட மூட மேலே வளரும் இந்தத் திறனுக்காகவே அதை வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் நட்டார்கள். அங்கே அது உயர்ந்த, செங்குத்தான முன்வரிசைக் குன்றை எழுப்பி, ஸ்னோவி புளோவர் பறவை முட்டையிடும் திறந்த மணலைக் குறைத்துவிட்டது. ஆனால் அதே உயரம்தான் அலைகளையும் தடுக்கிறது. அகற்ற வேண்டும் என்று பரிந்துரைக்கும் கட்டுரை, பின்னால் வாழும் மக்களுக்கு வெள்ள அபாயம் கூடுமா என்பதையும் ஆராய்ந்தே ஆக வேண்டும்.

## அனுமதி

பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் உள்ளே நுழையத் தடை இருக்கக்கூடும். கால அட்டவணையை அதற்கேற்ப வகுங்கள்.

## பிடுங்கியதை எண்ணி வெற்றி என்று அறிவிப்பது

அகேசியா லாஞ்சிஃபோலியாவின் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிர்ப்புடன் கிடக்கும். அதன் வேர் முடிச்சுகள் சேர்த்த நைட்ரஜன், புதரை வெட்டிய பிறகும் மண்ணில் தங்கி வேறு களைகளுக்கு வழிவிடும். விதை உற்பத்தியைக் குறைப்பதற்காகவே போர்ச்சுகலில் 2015இல் மொட்டுகளில் கழலையை உண்டாக்கும் ஒரு சிறு குளவியை வெளியில் விட்டார்கள். மூன்றாண்டு நிதியில் நடக்கும் ஆய்வு, வெட்டிய பரப்பை மட்டும் அளந்து முடிந்துவிட்டால் இவை எதுவுமே பதிவாகாது. முதல் ஆண்டிலிருந்தே மண்ணிலுள்ள விதை இருப்பையும் நைட்ரஜனையும் அளந்துவாருங்கள். பட்டம் பெற்று வேறு வேலைக்குச் செல்லும்போது, சதுரங்களின் ஆயத்தொலைவுகளையும் மூலத் தரவையும் அடுத்து வருபவரிடம் நேரில் களத்துக்கு அழைத்துச் சென்று ஒப்படையுங்கள்.