பிளாஸ்ரிக்கில் பெயின்ற் உரியாமல் நிற்க, அடிக்க முன் செய்ய வேண்டியவை

அக்காவின் ஸ்கூட்டி ஐந்து வருடம் வெயிலில் நின்று நிறம் வெளிறிப் போயிருந்தது. போன வைகாசியில் சைட் கவர் இரண்டையும் முன் மட்காட்டையும் கழற்றி நானே பெயின்ற் அடித்தேன். ஒரே நாளில், ஒரே டின்னால், ஒரே மாதிரித்தான் மூன்றுக்கும் அடித்தேன். சைட் கவர்கள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. மட்காட்டில் மட்டும் பத்தாம் நாள் கல் பட்டு ஒரு சின்னக் காயம். அந்த இடத்தில் நகத்தை வைத்து நெம்பினேன், ஒரு சாண் நீளத்துக்கு வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து கையோடு வந்துவிட்டது. உரிந்ததைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தது. அந்தப் பெயின்ற் ஒரு நாளும் ஒட்டியிருக்கவில்லை, வெறுமனே மேலே கிடந்திருக்கிறது.

பிழை டின்னில் இல்லை, அடிப்பரப்பில். அதைச் சரிப்படுத்த எனக்கு மூன்று கிழமை பிடித்தது. கழற்றுவதும் ஸ்பிரே பிடிப்பதும் ஒருமுறை செய்தால் வந்துவிடும், அவற்றை இங்கே எழுதவில்லை. அதற்கு முந்திய வேலை மட்டும்தான் இது.

எந்தப் பிளாஸ்ரிக்?

எதற்கும் முதல் பாகத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். உட்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP, பொலிபுறொப்பிலீன்) என்று பிளாஸ்ரிக்கின் வகையை அச்சில் வார்த்திருப்பார்கள். என்னுடைய சைட் கவர் ஏபிஎஸ், மட்காட் பிபி. முழுக் கதையும் அந்த எழுத்துகளில்தான் இருந்தது.

எழுத்து தேய்ந்திருந்தால் உட்பக்க ஓரத்தில் பெயின்ற் படாத இடமாகப் பார்த்து நகக்கண் அளவு சீவி எடுங்கள். அதைச் சவர்க்காரம் கலந்த தண்ணீருக்குள் அமிழ்த்தி, ஒட்டிய காற்றுக் குமிழிகளை விரலால் தட்டிவிட்டுக் கையை எடுங்கள். பிபியின் அடர்த்தி ஏறத்தாழ 0.9, அதனால் மிதக்கும். ஏபிஎஸ் ஏறத்தாழ 1.05, தாழும்.

ஏபிஎஸ் பெயின்ற்றை நன்றாகப் பிடிக்கும். பிபியோ மெழுகின் இனம். தாமரையிலையில் தண்ணீர் ஓடுவது போலத்தான் அதன் மேல் பெயின்ற்றும். அதற்குப் பெயின்ற்றுக்கு முன் அடிக்கும் தனியான ஒரு அடிப்பூச்சு, அதாவது பிரைமர் வேண்டும், பிறகு சொல்கிறேன்.

தேய்க்க முன் கழுவுங்கள்

பிளாஸ்ரிக்கை வார்க்கும்போது அச்சிலிருந்து இலகுவாகக் கழன்று வர சிலிக்கனோ மெழுகோ பூசுவதுண்டு. அதில் கொஞ்சம் பாகத்தின் மேலேயே தங்கிவிடும். பழைய வண்டி என்றால் சேர்விஸ் செய்யும் இடங்களில் பளபளப்புக்கு அடித்த பொலிஷும் சேர்ந்திருக்கும், அதிலும் பெரும்பாலும் சிலிக்கன்தான். இதைக் கழுவாமல் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டால் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. பெயின்ற் அடித்த கையோடு மீன் கண் மாதிரிச் சின்னச் சின்ன வட்டமாக விலகினால் காரணம் இதுதான்.

இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். மூலைகளுக்குப் பழைய பல் தூரிகை. இரண்டு தரம் கழுவுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம், கையுறை போடுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்: தண்ணீர்

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க மேலே தண்ணீர் ஊற்ற வேண்டும், அது துளியாகத் திரளாமல் படலமாக விரிந்தால் சரி என்று படித்திருந்தேன். சைட் கவரில், தேய்த்த பிறகு, அழகாக விரிந்தது. மட்காட்டில் விரியவே இல்லை. இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று நினைத்து ஆறு தரம் கழுவினேன். இரண்டு நாள் வீணாகப் போனது.

உண்மை என்னவென்றால் பிபியில் தண்ணீர் ஒரு நாளும் முழுதாக விரியாது. அது அழுக்கு இல்லை, அந்தப் பிளாஸ்ரிக்கின் இயல்பு. பிபியில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: எல்லா இடத்திலும் துளிகள் ஒரே மாதிரி நிற்கின்றனவா? ஒரு திட்டில் மட்டும் தண்ணீர் வேறு விதமாக ஓடினால் அங்கே எண்ணெய் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் திரும்பக் கழுவுங்கள்.

அடுத்தது நம்மூர்ப் பிரச்சினை. நான் இருப்பது உரும்பிராயில். யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடைசிக் கழுவலைக் கிணற்று நீரில் செய்து வெயிலில் வைத்தேன். காய்ந்த பிறகு கறுப்புப் பிளாஸ்ரிக்கில் மிளகளவு வெள்ளை வட்டங்கள், ஒவ்வொன்றின் விளிம்பும் நடுப்பகுதியை விடத் தடிப்பாக. துணியால் துடைத்தால் போனது போலிருந்தது. ரோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் அப்படியே இருந்தது. பெயின்ற்றுக்குக் கீழே உப்பு அகப்பட்டால் மழைக்காலத்தில் அது ஈரத்தை உள்ளிழுத்துச் சின்னக் கொப்புளங்களாக எழும்பும்.

இப்போது நான் செய்வது இதுதான்: கழுவுவதெல்லாம் கிணற்று நீரில், கடைசி அலசல் மட்டும் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரில். ஒரு போத்தல் மூன்று பாகத்துக்கும் காணும். வாங்கும்போது போத்தலை வாசித்துப் பாருங்கள், பற்றரி அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும். அலசியதும் பஞ்சு உதிராத பழைய பருத்திச் சீலையால் ஒற்றி எடுத்துவிடுங்கள், தானாகக் காய விட வேண்டாம்.

தேய்த்தல்

ஏபிஎஸ்ஸுக்கு 400ஆம் இலக்க வாட்டர் பேப்பர், பிறகு அதைவிட நுண்ணிய 600, இரண்டும் தண்ணீரோடு. பளபளப்பு ஓரிடத்திலும் மிஞ்சக் கூடாது.

பிபிக்கு வாட்டர் பேப்பர் எனக்குப் பிடிக்காது. வெட்டுப்படாமல் பூனை மயிர் மாதிரி நாராக எழும்பும், அது பெயின்ற்றுக்கு மேலால் தெரியும். பெயின்ற்றர்மார் பாவிக்கும் சாம்பல் நிறத் தேய்க்கும் நார் நல்லது. அது கிடைக்காவிட்டால் குசினியில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் புதிதாக வாங்கி மெதுவாகத் தேயுங்கள். ஏற்கெனவே பாத்திரம் தேய்த்தது வேண்டாம், அதில் எண்ணெய் இருக்கும்.

தேய்த்ததும் ஒரு அலசல், அப்புறம் ஐசோபுறொப்பைல் அல்ககோலால் ஒரே திசையில் ஒரு துடைப்பு. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மின்னூட்டம் ஏறிப் பக்கத்துத் தூசியெல்லாம் வந்து ஒட்டும். மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நம்ப வேண்டாம், சில வகைகளில் தோலுக்கு இதமாக இருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்திருப்பார்கள். பெற்றோல், மண்ணெண்ணெய் இரண்டும் பிசுக்கு விடும். தின்னர் ஏபிஎஸ்ஸை இளக்கிவிடும்.

பிபிக்கான பிரைமர்

டின்னில் பிளாஸ்ரிக் பிரைமர் என்று மட்டும் இருந்தால் போதாது, பிபிக்கும் ஆகும் என்று எழுதியிருக்க வேண்டும். நிறமில்லாமல் தண்ணி மாதிரி இருக்கும், அடித்ததே தெரியாது. அதனால்தான் கூட அடித்துவிடத் தோன்றும். இரண்டு மெல்லிய பூச்சுப் போதும். அதன் மேல் வாட்டர் பேப்பர் போட வேண்டாம். எத்தனை நிமிடத்துக்குள் அடுத்த பூச்சு வர வேண்டும் என்று டின்னிலேயே இருக்கும், அந்த நேரத்தைத் தவற விட்டால் அடித்தும் பயனில்லை. அதனால் பெயின்ற் டின்னை முன்கூட்டியே குலுக்கி வைத்துவிடுங்கள்.

தொழிற்சாலைகளில் நீலச் சுவாலையை மேலால் ஓட விட்டு பிபியின் மேற்பரப்பை மாற்றுவார்கள், அது மிக நல்ல முறை. ஆனால் வீட்டில் முதல் தடவையே அதைத் தொடாதீர்கள். ஒரு கணம் பிந்தினால் பாகம் வளைந்துவிடும், பக்கத்தில் தின்னரும் இருக்கும்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வெளியில் வைத்து அடிக்கவே வேண்டாம், செம்மண் புழுதி ஈரப் பெயின்ற்றில் குங்குமம் தூவினது போல வந்து விழும். நான் விறாந்தையில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, காலை ஒன்பது மணிக்குப் பிறகு அடித்தேன். மார்கழிப் பனியில் அதிகாலை வேண்டாம்.

குரோம் பூச முடியாதா?

இதைப் பலர் கேட்டார்கள். ஏபிஎஸ்ஸில் முடியும், காரின் முன்பக்கக் கிரில்கள் பல அப்படித்தான். குரோமிக் அமிலமும் சல்பூரிக் அமிலமும் கலந்த சூடான கரைசலில் அமிழ்த்தினால் ஏபிஎஸ்ஸில் உள்ள ரப்பர்த் துணுக்குகள் அரிக்கப்பட்டு நுண்ணிய குழிகள் விழும். அவற்றில் பலேடியம் என்ற உலோகத்தைப் படிய வைத்து, அதன் மேல் மின்சாரமில்லாமலே நிக்கலோ செம்போ பூசி, பரப்பு மின்சாரம் கடத்தத் தொடங்கிய பிறகுதான் வழக்கமான முலாம். அந்த அமிலக் கரைசலில் உள்ள குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. நமது முற்றத்தில் ஊற்றுவது சுண்ணாம்புக் கல் வெடிப்பு வழியாக அயல்வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைக் கண்ட நாங்கள் இதை வீட்டில் செய்யவே கூடாது.

பின்னர் சேர்த்தது

ஒருவர் தன்னுடைய பாகம் தண்ணீரில் தாழ்ந்ததால் ஏபிஎஸ் என்று நினைத்து அடித்தாராம், உரிந்துவிட்டது. படம் அனுப்பினார். உட்பக்கத்தில் பிபி, அதற்குப் பக்கத்தில் டிடி20 (TD20) என்று இருந்தது. அதாவது 20 சதவீதம் டால்க் என்ற கல்மா கலந்தது, டால்க்கின் பாரத்தால் தாழும். எழுத்து இருந்தால் எழுத்தைத்தான் நம்புங்கள், மிதப்புச் சோதனை எழுத்து இல்லாதபோது மட்டும்.

இன்னொரு தம்பி ஹெல்மெற்றுக்கும் இதே முறையா என்று கேட்டார். ஹெல்மெற்றில் தயவு செய்து வேண்டாம். அதன் ஓடு பொலிகார்பனேற்றாகவோ ஏபிஎஸ்ஸாகவோ இருந்தால் பெயின்ற்றில் உள்ள கரைப்பான் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கலாம், அது விழுந்து அடிபடும் நேரத்தில்தான் தெரியவரும். நிறம் வேண்டுமென்றால் அந்த நிறத்திலேயே புதிதாக வாங்குங்கள்.