பிள்ளை ஒரு விசயம் சொன்னா அடுத்ததா எங்க போறது? வன்னியில இருக்கிற ஆக்களுக்காக

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாதர் சங்கக் கூட்டங்களில பிள்ளையளுக்கு நடக்கிற துஷ்பிரயோகத்தைப் பற்றிக் கதை வந்தா எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், "சரி, தெரிஞ்சுபோச்சு, இனி ஆரிட்டப் போறது?" பொலிசுக்குப் போகப் பயம், விதானையிட்ட (கிராம சேவகரிட்ட) சொன்னா ஊர் முழுக்கப் பரவிடும் எண்டு பயம், செய்தவன் சொந்தக்காரன் எண்டா வாயே திறக்கமாட்டினம். அதால எங்க தொடங்கிறது எண்டதில இருந்து ஒண்டொண்டா எழுதுறன். பிள்ளை நடந்ததைப் பத்துப் பேரிட்டத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கக்கூடாது, அலையிறதைப் பெரியாக்கள் நாங்கள் அலைவம். கீழ இருக்கிற எல்லாம் அதுக்காகத்தான்.

முதல்ல: கேளுங்கோ, விசாரிக்காதேங்கோ

பிள்ளை நேரா வந்து விளக்கமாச் சொல்லாது. "மாமா வந்து நிண்டா நான் வீட்ட நிக்கமாட்டன்" எண்டு சொல்லும், இல்லாட்டி ரியூசனுக்குப் போகமாட்டன் எண்டு அடம்பிடிக்கும். அப்ப "ஏன் அப்பவே சொல்லேல்ல", "நீ என்ன செய்தனி" எண்டு கேட்டா பிள்ளை அதோட மூடிக்கொண்டிடும். "நீ சொன்னது நல்லம், உன்னில ஒரு பிழையும் இல்லை" எண்டு சொல்லிப்போட்டு, அது சொல்லுறதை மட்டும் கேளுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணாதேங்கோ, ஏனெண்டா நீங்கள் சொல்லத்தான் வேணும்.

பிறகு பிள்ளை இல்லாத நேரம் ஒரு கொப்பியில திகதி, நேரம், அது சொன்ன சொல்லை அப்பிடியே எழுதி வையுங்கோ. உங்கட சொல்லில திருத்தி எழுதவேண்டாம். பிள்ளை 'அடிச்சவர்' எண்டு சொன்னா 'அடிச்சவர்' எண்டுதான் இருக்கவேணும். போனில மெசேச், படம் வந்திருந்தா அழிக்காமல் போனைப் பத்திரப்படுத்துங்கோ, ஆனா அந்தப் படங்களை வட்ஸ்அப்பில ஒருத்தருக்கும் அனுப்பாதேங்கோ, சொந்தத் தமையனுக்கும் வேண்டாம்.

இண்டைக்கு இரவு பிள்ளை பாதுகாப்பா இருக்குமா?

செய்தவன் அதே வீட்டில எண்டா பிள்ளையை அம்மம்மா வீட்டையோ சித்தி வீட்டையோ கொண்டுபோய் விடுங்கோ. உடன ஆபத்தெண்டா பொலிசுக்கு 119, காயம் இருந்தா 1990, அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அந்த ஆளோட நேர போய்ச் சண்டை பிடிக்கிறது பிள்ளைக்குத்தான் கூடாது, அவன் பிள்ளையை வெருட்டி வாயை அடைச்சிடுவான்.

1929

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர நம்பர் இது. 24 மணித்தியாலமும் எடுக்கலாம், கோலுக்குக் காசில்லை, தமிழில கதைக்கலாம், உங்கட பேர் சொல்ல விருப்பமில்லாட்டிச் சொல்லாமலும் விடலாம். நடந்ததுக்கு ஆதாரம் வச்சிருக்க வேணும் எண்டில்லை, சந்தேகம் இருந்தாலே காணும், விசாரிக்கிறது அவையின்ர வேலை.

எடுக்க முதல் ஒரு துண்டில எழுதி வையுங்கோ: பிள்ளையின்ர பேர், வயசு, பள்ளிக்கூடம், கிராம சேவகர் பிரிவு, பிரதேச செயலகம், பிள்ளை இப்ப ஆரோட நிக்குது. எங்கட பக்கம் கனக்க வீடுகளுக்கு இலக்கம் கிடையாது, அதால வழியை வடிவாச் சொல்லுங்கோ, மாங்குளத்தில இருந்து ஒட்டுசுட்டான் றோட்டால வந்தா எந்தச் சந்தியால திரும்புறது, எந்தக் குளத்தடி, கோயிலுக்கு முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு. கோல் முடியிறதுக்குள்ள முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கோ. ஒரு கிழமையாகியும் ஒருத்தரும் வரேல்ல எண்டா அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் திரும்பக் கேக்கலாம்.

ஆஸ்பத்திரி

பாலியல் ரீதியா ஏதும் நடந்திருந்தா இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம், உடுப்பைத் தோய்க்க வேண்டாம், பொலித்தீனில கட்டாமல் கடதாசிப் பையில போட்டுக் கொண்டு போங்கோ. கர்ப்பம் தரிக்காமல் இருக்கவும், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் குடுக்கிற மருந்துகளை 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கவேணும், எவ்வளவு வேளைக்குப் போறமோ அவ்வளவு நல்லது. பொலிசுக்குப் போனாப்பிறகுதான் ஆஸ்பத்திரி எண்டு நினைக்கினம், அப்பிடியில்லை, நேர போகலாம். சட்ட வைத்திய அதிகாரி பாப்பார், பொலிசுக்கு அங்கயிருந்தே அறிவிப்பினம். மூண்டு நாள் கடந்துபோச்சு எண்டாலும் போங்கோ.

பொலிஸ்

சிறுவர் பெண்கள் பிரிவைக் கேட்டுப் போங்கோ, பெண் பொலிசோட கதைக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. வாக்குமூலம் தமிழில குடுக்கிறது உங்கட உரிமை, தமிழ் இந்த நாட்டில அரச கரும மொழி. சிங்களத்தில எழுதிப்போட்டுக் கையெழுத்து வையுங்கோ எண்டா, விளங்காத ஒண்டில கையெழுத்து வைக்காதேங்கோ, வாசிச்சுத் தமிழில சொல்லச் சொல்லுங்கோ. முறைப்பாட்டை எடுக்கமாட்டினம் எண்டா மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர 1996க்கு எடுங்கோ. பிள்ளையின்ர வாக்குமூலத்தை வீடியோவில பதிய 1999ம் ஆண்டுச் சட்டத்தில இடம் இருக்கு, அதைப் பற்றியும் கேளுங்கோ.

இதில ஒண்டு அழுத்திச் சொல்லவேணும். 16 வயசுக்குக் குறைஞ்ச பெண்பிள்ளை 'விரும்பித்தான்' எண்டு சொன்னாலும் சட்டத்தில அது குற்றம். ஊரில நாலு பெரியாக்கள் கூடி, கட்டி வைச்சா மானம் காப்பாத்தலாம் எண்டு கதைப்பினம். பொது விவாகச் சட்டத்தில 18 வயசுக்கு முதல் கல்யாணப் பதிவே செய்யேலாது. கெடுத்தவன்ர கையிலயே பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கிற கதைக்கு ஒரு தாயும் சம்மதிக்கக்கூடாது.

பிரதேச செயலகம்

அங்க சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பா, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பா. விதானைக்குச் சொல்லப் பயமெண்டா நேர இவையிட்டப் போகலாம். "பிள்ளையைப் பிடிச்சு சிறுவர் இல்லத்தில போட்டிடுவினமோ" எண்ட பயம்தான் கனபேரை மறிக்குது. அதை நன்னடத்தை உத்தியோகத்தரின்ர அறிக்கையைப் பாத்து நீதிமன்றம்தான் தீர்மானிக்கும், பொருத்தமான உறவினரிட்டயும் குடுக்கலாம். அதால பிள்ளையை வச்சுப் பாக்கக்கூடிய உறவினர் ஆர் எண்டதை முதலே யோசிச்சு, அவையையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

தாய்க்கும் அடி விழுகுதெண்டா

கனக்க வீடுகளில இது ரெண்டும் சேந்துதான் இருக்கும். பெண்களுக்கான உதவி நம்பர் 1938. 2005ம் ஆண்டு 34ம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில, நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை கேக்கலாம். முதல்ல 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பிறகு 12 மாதம் வரைக்கும். அடிக்கிறவர் வீட்டுக்குள்ள வரக்கூடாது எண்டும் கட்டளை போடலாம், வீடு அவற்ற பேரில இருந்தாலும். இது விவாகரத்து வழக்கில்லை, அதால 'குடும்பம் பிரிஞ்சிடும்' எண்டு ஆரும் வெருட்டினா பயப்படாதேங்கோ. லோயருக்குக் காசில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுவிட்டப் போங்கோ.

பிறகு

வழக்கு இழுபடும், வருசக்கணக்கிலயும் போகும். அதுக்குள்ள பிள்ளை நித்திரையில கத்தும், படுக்கையில மூத்திரம் போகும், படிப்பில பின்வாங்கும். ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, போனில கதைக்க 1926 இருக்கு, தாயும் எடுக்கலாம். பள்ளிக்கூடத்தில அதிபருக்கும் ஆலோசனை ரீச்சருக்கும் மட்டும் தேவையான அளவு சொல்லுங்கோ. வழக்குத் தவணை நாள் எண்டா லீவுக் கடிதத்தில 'சொந்த அலுவல்' எண்டு எழுதினாக் காணும், வகுப்பில ஒருத்தருக்கும் காரணம் தெரியத் தேவையில்லை.